ரேடியேட்டரில் விளைந்த உப்பு

ரேடியேட்டர் மூடியைச் சாக்கைப் போட்டுத் திருகியதும் வெந்நீர் பீறிட்டு என் மணிக்கட்டில் அடித்தது. எரிந்த இடத்தை வாயில் வைத்துச் சப்பினேன். உப்புக் கரித்தது.

வியர்வை என்றுதான் முதலில் நினைத்தேன். சித்திரை மாதத்து உச்சி வெயில். உப்பளங்களுக்கு நடுவே ஒரு கப்பி ரோடு, இரண்டு பக்கமும் கண்ணைக் குத்துகிற வெள்ளை. அங்கே நின்றால் யாருக்குத்தான் வியர்க்காது? இருந்தாலும் சந்தேகம் விடவில்லை. ரேடியேட்டர் வாயில் வழிந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். கடல் தண்ணீர். கலப்படமே இல்லாத, சுத்தமான கடல் தண்ணீர்.

பக்கத்தில் மிக்கேல் நின்றுகொண்டிருந்தான். அந்த வண்டிக்கு நான் டிரைவர், அவன் மெக்கானிக். இரண்டு பேரும் சரிபாதிக் கூட்டாளிகள்.

"என்னலே இது?" என்றேன்.

"தண்ணி."

"என்ன தண்ணின்னு கேக்கேன்."

"கடத்தண்ணிதான். அதுக்கென்ன இப்ப?"

அந்த 'அதுக்கென்ன'தான் என்னைக் கெடுத்தது. அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டேன். பொத்தான் ஒன்று தெறித்து ரோட்டில் விழுந்தது. வண்டிக்குப் பின்னால் பீப்பாய் பீப்பாயாக நல்ல தண்ணீர் நிற்கிறது. வண்டி ஓடுவதே அந்தத் தண்ணீரைக் கொண்டுபோகத்தான். அதன் இஞ்சினுக்கு இந்த மகராசன் கடலை மொண்டு ஊற்றியிருக்கிறான்!

இத்தனை வருஷம் கழித்து எழுதுகிறபோதும் பேனா காகிதத்தைக் குத்திக் கிழிக்கிறது. 

குருடாயில் சம்பந்தம்

சண்டை அப்படியே நிற்கட்டும். அந்த வண்டியின் பூர்வீகத்தைச் சொல்லாமல் என் கோபத்தின் நியாயம் உங்களுக்குப் புரியாது.

யுத்த காலத்தில் பெட்ரோல் இல்லாமல், அடுப்புக்கரியை எரித்து வருகிற கேஸில் நான் வண்டி ஓட்டியதை இந்தத் தொடரில் போன இரண்டு வாரமாகப் படித்தீர்கள். முகமெல்லாம் கரியாக வீட்டுக்குப் போய், பெண்டாட்டியே அடையாளம் தெரியாமல் கதவைச் சாத்தியதையும் எழுதியிருந்தேன். யுத்தம் முடிந்ததும் பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டார்கள். அதில் எங்களுக்குக் கிடைத்ததுதான் இந்தப் பிக்கப் வண்டி. உடம்பு கல்லு மாதிரி இருந்தது, இஞ்சின்தான் பெட்ரோல் குடிகாரன். பெட்ரோலுக்கோ இன்னும் ரேஷன் கூப்பன். கூப்பனுக்காகத் தாலுகா கச்சேரி வாசலில் நின்ற நேரத்தில் அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டே திருநெல்வேலி போய்வந்திருக்கலாம்.

மிக்கேல்தான் வழி சொன்னான். அவன் துறைமுகத்தில் தோணிகளை இழுக்கிற இஞ்சின் படகுகளில், அதாவது லாஞ்சுகளில், இஞ்சின் வேலை பார்த்தவன். ஒரு லாஞ்சு புயலில் கரையேறி இடுப்பொடிந்து கிடந்தது. அதற்குள் இருந்த டீசல் இஞ்சினுக்கு ஒரு கீறல் இல்லை. டீசல் என்று அப்போது யார் சொன்னார்கள், குருடாயில் இஞ்சின் என்றால்தான் தெரியும். குருடாயிலுக்குக் கூப்பன் கெடுபிடி கிடையாது.

"லாஞ்சி இஞ்சினு ரோட்டுல ஓடுமாலே?" என்று கேட்டேன்.

"இஞ்சினுக்கு ரோடு தெரியுமா, கடல் தெரியுமா? சுத்தச் சொன்னா சுத்தும்" என்றான்.

மூன்று பனந்தடிகளைக் கூட்டிக் கட்டி, சங்கிலி போட்டு அந்த இஞ்சினைத் தூக்கினோம். பழைய இஞ்சினைப்போல இரண்டு பங்கு கனம். அதைப் பிக்கப்பில் உட்காரவைக்க, லாஞ்சில் செய்கிற மாதிரியே வைரம் பாய்ந்த பனங்கட்டையில் படுக்கை செதுக்கினான். கியர் பாக்ஸுக்கும் இஞ்சினுக்கும் ஜென்மப் பகை. ஒன்றின் ஓட்டை மற்றதன் ஓட்டையோடு சேரவில்லை. கனத்த இரும்புத் தகட்டை இரண்டு பக்கத்துக்கும் தோதாகத் துளைத்து நடுவில் போட்டு, மிக்கேல் சம்பந்தம் பேசி முடித்தான். முன் ஸ்பிரிங் பட்டை அமுங்கி வண்டி கும்பிடு போட்டுக்கொண்டு நின்றது. இன்னும் இரண்டு பட்டை செருகினோம். பானெட் மூடவில்லை. அதை அறுத்தே எறிந்துவிட்டோம்.

முதல் நாள் ஸ்டார்ட் பண்ணியபோது தெருவில் இருந்த நாய்கள் எல்லாம் ஊரைவிட்டே ஓடின. வேகம் மாட்டுவண்டியைவிடக் கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். ஆனால் இழுத்தது. மலையைக் கட்டினாலும் இழுக்கும்.

மிச்சமிருந்தது ரேடியேட்டர் ஒன்றுதான். லாஞ்சுக்கு ரேடியேட்டர் கிடையாது, கடல்தான் அதற்கு ரேடியேட்டர். ஒரு குழாய் கடலை உறிஞ்சும். அந்தத் தண்ணீர் இஞ்சினைச் சுற்றி வந்து இன்னொரு குழாய் வழியாகக் கடலிலேயே விழும். ரோட்டுக்கு அது ஆகுமா? மதுரையில் ஒரு பழைய இரும்புக் கடையில் பட்டாளத்து லாரி ரேடியேட்டர் ஒன்றைக் கண்டுபிடித்தேன். அதைப் பச்சைப்பிள்ளையைப்போல மடியில் வைத்து ரயிலில் கொண்டுவந்தேன். அந்தக் காலத்தில் ரேடியேட்டர் என்ன சந்தையில் கத்தரிக்காயா, இது போனால் இன்னொன்று எடுக்க?

"நல்ல தண்ணி மட்டுந்தாம்லே ஊத்தணும்" என்று மிக்கேலிடம் படித்துப் படித்துச் சொன்னேன். தினம் ஊருக்கு மேற்கே இருக்கிற புதுக்கோட்டைக் கிராமத்துக்கு அப்பால் ஒரு தோட்டக் கிணற்றில் பீப்பாய்களை நிரப்பும்போது, இஞ்சினுக்கென்று தனியாக ஒரு டின் தண்ணீர் பிடித்து அவன் காலடியிலேயே வைப்பேன். அவனும் தலையை ஆட்டுவான்.

தொண்டை இல்லாதது

தூத்துக்குடிக் கடற்கரையில் நல்ல தண்ணீர் என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர்தான், ஆனால் வாயில் வைக்க முடியாது. கோடையில் உப்பளத்துப் பக்கம் எங்கே தோண்டினாலும் உவர்ப்பு. அதைக் குடித்தால் பிள்ளைகளுக்கு வயிறு போகும். ஒரு கோடையில் அளத்து ஆட்களின் குடிசைகளில் அப்படி இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் உப்பள முதலாளி மனமிறங்கி, எங்கள் வண்டிக்குத் தண்ணீர் நடையைக் கொடுத்தார். வண்டி நின்றால் மறுபடியும் உவர்க்குழித் தண்ணீர்தான். இது எனக்கும் தெரியும், மிக்கேலுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவன் குடும்பமே அந்தக் குடிசைகளில்தான் இருந்தது. அவன் பெண்டாட்டி ரோசம்மாள் அளத்தில் உப்பு வாருகிறவள்.

அந்தக் கடற்கரை ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சட்டி பானை கழுவக் கடல் தண்ணீர், துணி அலசக் கடல் தண்ணீர், குளிக்கவும் கடல்தான். கடைசியில் ஒரு செம்பு நல்ல தண்ணீரைத் தலையில் விட்டு உப்பை இறக்குவார்கள். தொண்டை இல்லாத எதற்கும் நல்ல தண்ணீர் கிடையாது. மிக்கேலின் அப்பா முத்துக் குளித்தவர். கடலுக்குள்ளிருந்து மேலே வந்து, காதிலும் மூக்கிலும் உப்பு எரிய நின்றாலும், முகம் கழுவ நல்ல தண்ணீர் கேட்கமாட்டாராம். ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடியும் முங்குவாராம்.

அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவனிடம் ஒரு டின் நல்ல தண்ணீரைக் கொடுத்து, இரும்புக்கு ஊற்று என்று சொன்னேன் நான்.

எங்கள் வீட்டுக் கோபம்

கோபம் எங்கள் குடும்பச் சொத்து. என் அப்பா திருநெல்வேலிச் சீமை நாசரேத்தில் வாத்தியார். பைபிளில் பொறுமையைப் பற்றி வருகிற வசனம் எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒரு நாள் சமையல்கட்டு நிலைப்படியில் தலை இடித்துவிட்டது. பேசாமல் போய் ரம்பத்தை எடுத்துவந்து நிலையின் மேல்சட்டத்தை அறுத்துவிட்டார். அடுத்த மழையில் அந்தச் சுவர் சரிந்தது வேறு கதை. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் மிச்சச் சுவருக்கும் ஆபத்து என்று அவளுக்குத் தெரியும்.

அந்த ரத்தம்தான் எனக்கும். ஆனால் ஒன்று சொல்கிறேன், காரணமில்லாமல் நான் கோபப்பட்டதே கிடையாது. காரணம் எப்போதும் கையருகிலேயே கிடைத்துக்கொண்டிருந்தது.

மறுபடியும் ரோட்டில்

சட்டையை விடாமல் மிக்கேலைப் பார்த்துக் கத்தினேன்.

"ஏலே, உப்பு விளைய வச்சே பொழைக்கிற ஊருலே இது! கடத்தண்ணிய அடச்சு வச்சுச் சூடு காட்டுனா என்ன ஆகும்னு சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஒனக்குத் தெரியாதா?"

அவன் விழித்தான். லாஞ்சில் கடல் தண்ணீர் வந்த வேகத்தில் வெளியே போய்விடும், உப்பு தங்காது. இங்கே அதே தண்ணீர் நாள் பூராவும் கொதித்து, ஆவியாகிச் சுண்டி, குழாய்க்குக் குழாய் உப்பை விட்டுவிட்டுப் போயிருந்தது. கம்பியை விட்டுக் குத்திப் பார்த்தேன். கல்லு. என் மடியில் வந்த ரேடியேட்டருக்குள் ஒரு உப்பளமே விளைந்து கிடந்தது. பித்தளை பச்சை பூத்து அடியில் கசிந்துகொண்டிருந்தது.

"இத்தன வருசம் கடத்தண்ணி குடிச்ச இஞ்சினு, ராசையா, அதுக்கு ஒண்ணும் செய்யாதுன்னு நெனச்சேன்" என்றான்.

"அப்ப நான் குடுத்த டின் தண்ணி எங்கலே?"

அவன் வரப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

அதற்குள் வண்டி நிற்பதைப் பார்த்து, வரப்பு வழியாகப் பெண்கள் குடத்தோடு வந்துவிட்டார்கள். முன்னால் வந்தவள் ரோசம்மாள். பாதமெல்லாம் உப்பு அரித்த வெடிப்பு, இடுப்பில் மண்குடம். புருஷனின் சட்டை என் கையில் இருப்பதைப் பார்த்தாள்.

"எதுக்கு இவிய சட்டையப் பிடிக்கிய அண்ணாச்சி?"

"தண்ணிய என்ன செஞ்சான்னு கேளு ஒம் புருசங்கிட்ட!"

"அவியளக் கேக்கணுமா? நான் சொல்லுதேன். வரிசையில கடேசியா நிக்கிற கொடத்துக்குத் தெனமும் தண்ணி எட்டாது. அந்த டின்னு தண்ணிய இவிய அங்கன ஊத்துவாவ. குடிச்சது நாங்க. எங்க சட்டையப் பிடிங்க."

சட்டையை விட்டுவிட்டேன். ஆனால் கோபம் இறங்கியது என்று மட்டும் நினைக்காதீர்கள். இன்னும் ஏறியது. "நல்லது செஞ்சான், சரி. இப்ப வண்டி செத்துப்போச்சு. நாளைக்கு வரிசையில மொதக் கொடத்துக்கும் தண்ணி கெடையாது, கடேசிக் கொடத்துக்கும் கெடையாது. இதுக்குப் பேரு தருமமா?" என்று கத்தினேன். மிக்கேல் ரோட்டில் கிடந்த பொத்தானைக் குனிந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ரோசம்மாள் விடவில்லை.

"வரிசைக்கு ஏன் எட்டலைன்னு ஒரு நாளாச்சும் கேட்டியளா? பங்களாவுல ஒரு பீப்பா இறங்குதுல்லா, அங்க போயி யாரு சட்டையப் பிடிப்பா?"

பங்களா பீப்பாய்

அதைச் சொல்ல வேண்டும். சொல்ல வாய் கூசுகிறது, ஆனால் சொல்ல வேண்டும்.

கிணற்றிலிருந்து கிளம்பும் வண்டி முதலில் நிற்க வேண்டிய இடம் முதலாளியின் பங்களா. அங்கே ஒரு பீப்பாயை இறக்க வேண்டும். அது நடை பேசியபோதே போட்ட நிபந்தனை. குடிக்க என்றுதான் நான் முதலில் நினைத்தேன். அவர் வீட்டுக் குடிதண்ணீர் வேறு வண்டியில் தனியாக வந்துகொண்டிருந்தது. இந்தப் பீப்பாய் அவருடைய காருக்கு. உப்புக்காற்று பட்டால் கார் துருப்பிடித்துவிடுமாம், தினம் நல்ல தண்ணீரில் குளிப்பாட்ட வேண்டுமாம். கார் குளித்த மிச்சம் குரோட்டன்ஸ் செடிகளுக்கு. நான் பீப்பாயை உருட்டி இறக்குவேன், காவல்காரன் மஞ்சள் துணியால் காரைத் துடைப்பான். 

முதலாளி ஒன்றும் ராட்சசன் இல்லை. எங்கள் ஆட்கள்தான், தூரத்து உறவு. கல்யாணத்துக்குப் போனால் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்வார். அதுதான் கொடுமை. ராட்சசனாக இருந்தால் வெறுத்துவிட்டுப் போய்விடலாம்.

அன்று தண்ணீரை ரோட்டிலேயே குடங்களில் பிரித்துக் கொடுத்தோம். பிறகு உப்பு ஏற்றவந்த மாட்டுவண்டிக்காரன் மாடுகளை அவிழ்த்து எங்கள் வண்டியில் பூட்டினான். மலையை இழுக்கிற இஞ்சினை இரண்டு மாடுகள் இழுத்துக்கொண்டு ஊருக்குள் போயின. டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்று பார்த்தார்கள். அந்த மாடுகள்மேல்கூட எனக்குக் கோபம் வந்தது.

பீப்பாய்க்கு வேலை மாறியது

ரேடியேட்டரைப் பட்டறையில் காட்டினோம். பற்றுவைக்க அதில் உலோகம் மிச்சமில்லை என்று பட்டறைக்காரன் திருப்பிக் கொடுத்துவிட்டான். மதுரைக்கு ஆள் அனுப்பினேன். இல்லை என்று திரும்பி வந்தான்.

மிக்கேல் ராவும் பகலும் வண்டிக்கு அடியிலேயே கிடந்தான். நான் அந்தப் பக்கமே போகவில்லை. அவனாகவே வெளியே வந்து சொன்னான்.

"ரேடியேட்டரு வேண்டாம். பின்னால ஒரு பீப்பாய இஞ்சினோட சேத்துருவோம். மேல ஒரு கொழாயி, கீழ ஒரு கொழாயி. லாஞ்சிப் பம்பு சும்மாதான கெடக்கு, அது பீப்பாத் தண்ணிய உறிஞ்சி இஞ்சினச் சுத்தவிட்டுத் திருப்பிப் பீப்பாய்க்கே தள்ளும். ஆவியாப் போறதுக்கு மட்டும் தெனம் ஒரு டின்னு ஊத்துனாப் போதும்."

"என்ன தண்ணி?" என்று கேட்டேன்.

"நல்ல தண்ணிதாம்ல" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

யோசனை அருமையானது. அதை ஒப்புக்கொள்ள எனக்குப் பல்லைக் கடிக்கவேண்டி வந்தது. ஆனால் வண்டியில் பீப்பாய் வைக்க இடம் அளவாகத்தான் இருந்தது. ஒன்று இஞ்சினுக்குப் போனால் குடிக்கிற பீப்பாயில் ஒன்று குறையும். ரோசம்மாளும் மற்றப் பெண்களும் இதைக் கேட்டுச் சாமியாடினார்கள். ஒரு முழுப் பீப்பாய் நல்ல தண்ணீரைப் போயும் போயும் இரும்புக்கா என்றார்கள்.

"ஒங்க பீப்பாய எவன் கேட்டான்? பங்களா பீப்பாயத்தான் இஞ்சினுக்கு வைக்கப்போறேன்" என்றேன்.

 ரோசம்மாள், "அப்பச் சரி" என்றாள்.

வாசலில்

வண்டி மறுபடி ஓடிய முதல் காலையில் பங்களா வாசலில் நிறுத்தினேன். நிறுத்தாமல் போயிருக்கலாம். ஆனால் திருடனைப்போல ஏன் போக வேண்டும்? முதலாளி கையில் சுருட்டோடு வராந்தாவுக்கு வந்தார்.

"ஏலே ராசையா, பீப்பாய இறக்காம என்னலே நிக்கே?"

"இனிமே இறக்கமாட்டேன் மொதலாளி. அந்தப் பீப்பா இஞ்சினுக்கு வச்சாச்சு. இல்லன்னா வண்டி ஓடாது."

"இஞ்சினுக்கு நல்ல தண்ணியா? கிறுக்குப்பயலே, கடத்தண்ணிய மொண்டு ஊத்துலே!"

மிக்கேல் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். இதைக் கேட்டதும் மெல்ல என்னைத் திரும்பிப் பார்த்தான். எனக்கு உச்சந்தலை வெடித்துவிட்டது.

"ஊத்துனோம்! ரேடியேட்டரு செத்துப்போச்சு! ஒங்க காருக்கு ஊத்திப் பாருங்க, அதுவாவது பொழைக்குதான்னு பாப்போம்!"

சுருட்டு அவர் கையில் அப்படியே நின்றது. அவர் கத்தவில்லை. அதுதான் பணக்காரர்களின் சாமர்த்தியம்.

"நாளையிலருந்து நீ வரவேண்டாம். மாட்டுவண்டி வச்சுக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வைத்துக்கொண்டார். மாட்டுவண்டி ஆடி அசைந்து பொழுது சாய்கிற நேரத்துக்கு வந்து சேர்ந்தது. பாதித் தண்ணீர் வழியிலேயே தளும்பிப் போனது, மிச்சம் வரிசையில் பாதிக்குக்கூடப் போதவில்லை. ரோசம்மாளின் சின்ன மகன் உவர்க்குழித் தண்ணீரைக் குடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தான். மிக்கேல் என் வீட்டுக்கு வந்து வாசலில் உட்கார்ந்தான்.  என் வாயால் அந்த நடை போயிற்று. ஆனால் அந்த வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும் என்று அன்றும் எனக்குத் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை.

பலகையைக் கீழே வைத்தார்கள்

மறுநாள் காலையில் அளத்துப் பெண்கள் உப்பு வாருகிற பலகைகளை வரப்பில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். சொல்லிவைத்ததுபோல ஒருத்தியும் பாத்தியில் இறங்கவில்லை. பாத்திகளில் உப்பு விளைந்து முற்றி நின்றது. மேற்கே மேகம் வேறு கூடிக்கொண்டிருந்தது. ஒரு பாட்டம் கோடை மழை விழுந்தால் போதும், அவ்வளவு உப்பும் கரைந்து போகும்.

கணக்கப்பிள்ளை வந்து மிரட்டிப் பார்த்தார். கடைசியில் முதலாளியே காரில் வந்தார். நானும் மிக்கேலும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தோம்.

"என்ன வேணும் ஒங்களுக்கு? சொல்லுங்க" என்றார்.

ரோசம்மாள் எழுந்திருக்காமலேயே பதில் சொன்னாள். "ராசையா அண்ணாச்சி வண்டி வரணும். ஒரு நட பத்தாது, காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு."

"கிழிஞ்சுது. மாட்டுவண்டி வாறவரைக்கும் கார்லயே தண்ணி கொண்டாறச் சொல்லுதேன், எந்திரிச்சு வேலையப் பாருங்க."

"அந்தக் காரு குளிச்சு மிச்சம் ஏதும் இருந்தாக் கொண்டாங்க மொதலாளி. எம் பிள்ளைக்கு அது போதும்."

அவள் குரலை உயர்த்தவில்லை. முதலாளி காரைப் பார்த்தார். மஞ்சள் துணியால் துடைத்த கார் வெயிலில் கண்ணாடியாக மின்னியது. சுற்றியிருந்த பெண்களின் உதடுகள் வெடித்திருந்தன. அவர் மேகத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார். என் முகத்தைப் பார்க்காமலேயே, "போயி வண்டிய எடு" என்றார்.

நான் நன்றி சொல்லவில்லை.

மத்தியான நடையும் சேர்ந்த முதல் நாளில் வரிசை முழுவதும் நிரம்பியது. கடைசியாக நின்ற கிழவியின் குடம் தளும்பி, அவள் சேலையில் வழிந்தது. மிக்கேல் இஞ்சினுக்கான டின்னைக் கையில் வைத்துக்கொண்டு, எங்காவது குறைகுடம் இருக்கிறதா என்று சுற்றுமுற்றும் பார்த்தான். ஒன்றும் இல்லை.

"ஊத்துலே இஞ்சினுக்கு!" என்று கத்தினேன்.

அவன் பீப்பாய் மூடியைத் திறந்தான், ஆனால் கை சாயவில்லை. ரோசம்மாளைத் திரும்பிப் பார்த்தான். அவள் தலையை அசைத்த பிறகுதான் ஊற்றினான். எனக்கு மறுபடியும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வண்டிக்குக் கூட்டாளி நானா, அவளா?